பூஜ்ய விலகல்

மில்லிகிராம் மூன்றாவது கிட்டார் பிக்கப்பைத் தராசில் வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டார். அறையில் இருந்த மற்ற நால்வரும் அடக்கிக்கொண்டார்கள். மூச்சுக்காற்று பட்டால் அந்தத் தராசு இரண்டு மில்லிகிராம் பொய் சொல்லும். அதற்கு இடம் கொடுக்காதவர் என்பதால்தான் ஆய்வாளருக்கு அந்தப் பெயர்.

“தொண்ணூத்திரெண்டு கிராம், நானூத்திப் பதினோரு மில்லி,” என்று சொல்லிவிட்டு மூச்சை விட்டார். பிறகு பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் அப்படியே நின்றார்.

“துருப்பிடிச்சிருக்கே?”

“அது துரு இல்ல சார்,” என்றார் கண்காணிப்பாளரின் மச்சினன். “காலம்.”

“எத்தனை வருஷத்துக் காலம்?”

“அறுபது.”

“உறையில போன மாசம் தயாரிச்சதுன்னு போட்டிருக்கு.”

“தயாரிச்சது போன மாசம். காலத்தை அப்புறமா ஏத்தினாங்க. உப்புத் தண்ணி, ஆசிட் புகை, ரெண்டு வாரம் வெயில். ஒவ்வொண்ணையும் கையாலேயே செய்யறாங்க. அதனாலதான் மத்ததைவிட மூணு மடங்கு விலை.”

மில்லிகிராம் இருபத்தாறு வருஷமாகக் கடைகடையாக ஏறித் துருப்பிடித்த எடைக்கற்களைப் பறிமுதல் செய்தவர். துருவைத் தனியாக விலைகொடுத்து வாங்குவார்கள் என்று அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பில் சொன்னதில்லை. படிவத்தில் ‘மேற்பரப்பு’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்து ‘காலம்’ என்று எழுதினார்.

இது எடை அளவுகளைச் சரிபார்க்கும் அலுவலகம். ஊரில் எந்தக் கடையில் எந்தத் தராசு நின்றாலும் அது இங்கே வந்து முத்திரை வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அலுவலகத்துக்கு ஓர் இசைக்குழுவும் உண்டு. ஊழியர் நலப் பதிவேட்டில் அது ‘செயல்பாட்டில் உள்ளது’. அதில் கீழ்ச் சுரம் தரும் பாஸ் கிட்டார் வாசிப்பவர் முத்திரைப் பிரிவின் பொறுப்பாளர். எல்லோருக்கும் முத்திரை அக்கா.

அக்காவின் கிட்டார் குட்டையானது. வழக்கமான பாஸ் கிட்டாரின் கம்பி முப்பத்து நான்கு அங்குலம் ஓடும். அக்காவின் கை அவ்வளவு தூரம் எட்டாது என்பதால் பத்தொன்பது வருஷத்துக்கு முன் முப்பது அங்குலக் கிட்டார் ஒன்று வாங்கப்பட்டது. வந்து இறங்கிய அன்றே ‘அளவில் நான்கு அங்குலம் குறைவு’ என்று குறிப்பெழுதப்பட்டு, விற்ற கடைக்காரர்மேல் வழக்குப் போடும்வரை போய்விட்டது. கடைசியில் அக்காவின் கையையும் அளந்து பார்த்து, ‘உபயோகிப்பவரும் அளவில் குறைவாக இருப்பதால் ஏற்கலாம்’ என்று கோப்பை முடித்தார்கள்.

அந்தக் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருள். மேலே கம்பி அதிர்ந்தால் அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. அதுதான் பிக்கப். பத்தொன்பது வருஷம் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் ஒத்திகையின் நடுவே அது நின்றுவிட்டது.

அக்கா விண்ணப்பம் எழுதினார். ‘பிக்கப் போய்விட்டது. வேறு வேண்டும்.’ இந்த நான்கு சொற்களிலிருந்துதான் ஒப்பீட்டுக் குழு பிறந்தது.

குழுவுக்குத் தலைவர் உதவிக் கட்டுப்பாட்டாளர். அளவீட்டுக்கு மில்லிகிராம். வெளி நிபுணராகக் கண்காணிப்பாளரின் மச்சினன். வீட்டில் ஒன்பது பாஸ் கிட்டார்கள் வைத்திருக்கிறார் என்பது அவருடைய தகுதி, எதையும் வாசிப்பதில்லை என்பதால் பாரபட்சத்துக்கும் இடமில்லை. ஊழியர் பிரதிநிதியாக, இசைக்குழுவில் டிரம் அடிக்கும் டிரம் அண்ணன். கழற்றி மாட்ட அக்கா.

மூன்று நிறுவனங்கள் மூன்று மாதிரிகள் அனுப்பியிருந்தன. எடை, நீளம், அகலம், உயரம் முடிந்தன. மிச்சம் ஒரே கட்டம்: ஒலி.

அக்கா முதல் மாதிரியைச் சால்டர் ஈயம் வைத்துப் பொருத்தி, தடித்த கம்பியை ஒருமுறை மீட்டினார். மச்சினன் கண்ணை மூடினார்.

“இதம். ஆனா நடுவுல கொஞ்சம் மரம் வருது.”

“மரமா?” என்றார் மில்லிகிராம்.

“ஈரமான மரம். காயாதது.”

“இதம்னீங்களே, எத்தனை டிகிரி?”

“அது அப்படி இல்ல சார். உணர்றது.”

“உணருங்க, வேணாங்கல. உணர்ந்ததை எந்த அலகுல எழுதட்டும்?”

ஆய்வகத்திலிருந்து வெப்பமானி வரவழைக்கப்பட்டு ஸ்பீக்கர்மேல் வைக்கப்பட்டது. முப்பத்தொன்று. இரண்டாவது மாதிரியை வாசித்து முடித்தபோது முப்பத்தொன்றரை. ‘இரண்டாவது, அரை டிகிரி கூடுதல் இதம்’ என்று பதிவானது.

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றார் மச்சினன்.

டிரம் அண்ணன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இடது ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலை ஸ்பீக்கர் பெட்டியின்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற எட்டு நாள் இருப்பவர் அப்படித்தான் உட்காருவார் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதைப் பொருத்தி அக்கா மீட்டினார். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை மீட்டினார். வெளியே யாரோ மாடிப்படியில் இறங்கிப் போனார்கள்.

“வரலை,” என்றார் அக்கா.

“அவசரப்படாதீங்க.” மச்சினன் கண்ணைத் திறக்கவில்லை. “அந்தக் காலத்துப் பொருள், கூப்பிட்டதும் ஓடி வந்து நிக்காது. இதுல ஒரு அடக்கம் இருக்கு பாருங்க.”

“அடக்கம் இல்லங்க, அடங்கிடுச்சு. உங்க ஆசிட் புகை மூடியோட நிக்கல. உள்ள சுருளையும் தின்னுடுச்சு. கம்பி அறுந்திருக்கு.”

“அவ்வளவு உண்மையா பழசாக்கியிருக்காங்களா!” என்று மச்சினன் கண்ணைத் திறந்தார்.

உதவிக் கட்டுப்பாட்டாளர் தொண்டையைச் செருமினார். “உள்ளதைச் சொன்னா, பாஸ் கிட்டார் எனக்கு எப்பவுமே தனியா கேட்டதில்ல. கேக்காம இருக்கறதுதான் நல்ல பாஸுன்னு சொல்லுவாங்க. அந்த வகையில எனக்கு மூணாவது பரவால்லன்னு படுது. நீங்க என்ன சொல்றீங்க?”

கடைசிக் கேள்வி டிரம் அண்ணனிடம். அண்ணன் தலையாட்டினார்.

மில்லிகிராம் மட்டும் எதற்கும் மயங்கவில்லை. மின்மானியைக் கொண்டுவந்து ஒவ்வொரு மாதிரியையும் மறுபடி பொருத்தச் சொல்லி அளந்தார். முதலாவது நூற்றுப் பதினெட்டு மில்லிவோல்ட். இரண்டாவது நூற்று அறுபத்து நான்கு. மூன்றாவது பூஜ்யம்.

“பாத்தீங்களா சார்,” என்றார் அக்கா.

“அப்போ மூணாவதைத் தள்ளிடலாமா?” என்றார் உதவிக் கட்டுப்பாட்டாளர்.

“எப்படி சார் தள்ளறது?” மில்லிகிராம் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். “விதி பதினேழு. ‘மாற்றுப் பாகமானது மூலப் பாகத்துடன் ஒப்பிடப்பட வேண்டும், விலகல் மிகக் குறைந்ததே ஏற்கப்பட வேண்டும்.’ தராசு ஸ்பிரிங்குக்கு எழுதினது. பிக்கப்புக்குன்னு தனியா விதி இல்லாததால இதுதான் பொருந்தும்.”

அவர் பழைய பிக்கப்பை எடுத்து மின்மானியில் இணைத்தார். பூஜ்யம். காகிதத்தில் மூன்று கழித்தல் கணக்குகள் போட்டார். முதலாவதன் விலகல் நூற்றுப் பதினெட்டு. இரண்டாவதன் விலகல் நூற்று அறுபத்து நான்கு. மூன்றாவதன் கீழே ஒரு பூஜ்யத்தை வரைந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூலப் பாகம் செத்துப்போச்சுன்னுதானே சார் மாத்தறோம்!”

“செத்த பாகம்னு விதியில ஒரு பிரிவு இல்லம்மா. உயிரோட இருந்தப்போ எவ்வளவு குடுத்துச்சுன்னு பதிவு இருந்தா காட்டுங்க. அதோடயே ஒப்பிட்டுடறேன். நான் என்ன அநியாயமா பண்றேன்?”

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஏற்புச் சான்றிதழ் வந்தது. எல்லாம் மூன்று தசம இடங்களுக்கு இருந்தது. கம்பிகளின் எண்ணிக்கைகூட 4.000. ‘ஒலி’ என்ற கட்டத்தில் மட்டும் உருண்டையான எழுத்தில் ‘பொருந்தாது’ என்றிருந்தது. எழுத்து அக்காவுடையது.

“இருபத்தாறு வருஷம் சார்,” என்றார் மில்லிகிராம். “எதை அளந்தாலும் மூணாவது தசமத்துல ஏதாவது ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். பூஜ்ய விலகலை நான் கண்ணால பாத்ததே இல்ல.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உதவிக் கட்டுப்பாட்டாளர் எழுந்துவிட்டார். “நிபுணரும் இதைத்தான் சொல்றார். விதியும் இதைத்தான் சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போறது நம்ம ஆபீஸ்ல நடந்ததே இல்ல. இதுக்கு மேல என்னம்மா வேணும்?”

“சத்தம் சார்.”

“அது குழுவோட வரம்புல வரலையே.”

தேர்வான பிக்கப்பை யாரும் மாற்றிவிடாதபடி முத்திரை வைக்க உத்தரவாயிற்று. அதுவும் அக்காவின் வேலைதான். பிக்கப்பின் இரண்டு திருகுகளுக்கும் இடையே மெல்லிய கம்பியைக் கோத்து, நுனியில் ஈயக் குண்டை வைத்து, துறையின் சின்னம் பொறித்த குறட்டால் நசுக்கி, எண் அடித்தார். 20816. சட்டப்படி அந்தக் கம்பியை அறுப்பது குற்றம். அறுத்த பதினோரு கடைக்காரர்களுக்கு எதிராக அக்காவே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார்.

மாடிப்படியின் திருப்பத்தில் டிரம் அண்ணன் காத்திருந்தார். அக்கா அவருக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டுதான் பேச ஆரம்பித்தார்.

“எது நல்லாருந்துச்சுண்ணே?”

“ரெண்டாவது. சந்தேகமே இல்ல. குதிகால் வரைக்கும் வந்துச்சு.”

“மொதலாவது?”

“பெருவிரலோட நின்னுடுச்சு. நோஞ்சான்.”

“மூணாவது?”

அண்ணன் அக்காவின் வாயையே பார்த்தார். “மூணாவதை எப்போ வாசிச்சே?”

அண்ணன் முப்பத்தோரு வருஷம் இரும்பு எடைக்கற்களில் முத்திரை அடித்தவர். ஒவ்வொரு கல்லிலும் ஓர் ஈயக் குழி இருக்கும். அதில் உளியை நிறுத்தி ஓங்கி ஓர் அடி. நாளுக்கு இருநூறு கல். காது போய் ஆறு வருஷமாகிறது. அண்ணிக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். மற்றவர்களிடம் வாயைப் பார்த்துச் சமாளிப்பார். வாய் தெரியாவிட்டால் தலையாட்டிவிடுவார். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர் என்று மேலதிகாரிகளிடம் அவருக்கு மிக நல்ல பெயர்.

டிரம்முக்குத் தாளத்தை அவர் காலால் கேட்டார். இடது காலால் மிதிக்க வேண்டிய ஜோடித் தாளத் தட்டுகளை விட்டுவிட்டு, அந்தக் காலை பாஸ் ஸ்பீக்கர்மேல் வைத்துக்கொள்வார். அலுவலகம் அதை அவருடைய பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவருடைய பிரிவு உபசாரம். முதல் பாட்டில் பாஸ் மட்டும் தனியாக நாலு சுற்று போகும். ஐந்தாவது சுற்றில் டிரம் சேர வேண்டும்.

அக்கா நடந்ததைச் சொன்னார். அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அதையா போட்டிருக்காங்க?”

“முத்திரையோட.”

“முத்திரை யாரு வெச்சது?”

அக்கா விரலில் ஒட்டியிருந்த ஈயத்தைத் தேய்த்து எடுத்தார்.

“நான் தலையாட்டறேன்ணே. அஞ்சாவது சுத்துல என்னையே பாத்துக்கிட்டிருங்க.”

“பாத்து அடிச்சா, பாத்ததுக்கு அப்புறம்தானே அடிக்க முடியும்? பின்னாடி வரும் தங்கச்சி. ஒரு தரம் பின்னாடி வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

“காய்ச்சல்னு சொல்லிடுங்களேன்.”

“என் விழாவுக்கு எனக்கே காய்ச்சலா? பொண்ணுங்க ரெண்டும் லீவு சொல்லியாச்சு. பேரன் வேற, தாத்தா டிரம் அடிக்கறதைப் பாக்கணும்னு ஒரு வாரமா அண்டாவைப் போட்டு அடிச்சிக்கிட்டிருக்கானாம். உங்க அண்ணி புலம்பறா. எனக்கென்ன, கேக்கவா போகுது.” அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “இந்த ஆபீஸ் கல்லை அடிச்சு அடிச்சுப் போன காது. கடைசி நாள்ல இவங்க முன்னாடியே செவிடன்னு தெரிஞ்சிட்டு இறங்கிப் போகணுமா?”

மறுநாளிலிருந்து அலுவலகத்தின் பேச்சு மாறியது. தட்டச்சர் தம்முடைய புதிய கணினியில் ‘இதம் போதவில்லை’ என்று குறிப்பு அனுப்பினார். மாடிப்படிக் கதவின் கிறீச்சிடலில் மரம் வருவதாக இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் போட வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உதவிக் கட்டுப்பாட்டாளருக்கு வந்த புது மேஜையை மச்சினனின் மேற்பார்வையில் தச்சர் ஒருவர் சங்கிலியால் ஒரு முழு நாள் அடித்தார். அடித்து முடித்தபின் மேஜை ஆடியது. ஆடுவதுதான் அதில் விசேஷம் என்றார் மச்சினன்.

புதன்கிழமை ஒரு மளிகைக் கடைக்காரர் பிடிபட்டார். துருப்பிடித்த ஒரு கிலோ கல், நாற்பது கிராம் குறைவு.

“துரு இல்லைங்க ஐயா, காலம்,” என்றார் கடைக்காரர். “உங்க ஆபீஸ் படிவத்துலயே அப்படி எழுதியிருக்குன்னு கேள்விப்பட்டேன்.”

மில்லிகிராம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கல்லை எச்சரிக்கையோடு திருப்பிக் கொடுத்தார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா உதவிக் கட்டுப்பாட்டாளரை மூன்று தடவை பார்த்தார். ஆடும் மேஜையில் கையை ஊன்றாமல் கேட்டுக்கொண்டார் அவர்.

“விழாவுக்கு மட்டும் ரெண்டாவதைப் போட்டுக்கறேன் சார். அப்புறம் கழட்டிடறேன்.”

“தேர்வாகாத மாதிரியை மூணு நாள்ல திருப்பி அனுப்பணும். ரெண்டாவதை அந்தக் கம்பெனி ஆளு நேத்தே வாங்கிட்டுப் போயாச்சு.”

“மொதலாவது?”

“அவங்க இன்னும் வரலை. கிடங்குல இருக்கும். ஏன், உங்களுக்கு இதுல என்ன குறை? பூஜ்ய விலகல்மா. தலைமை அலுவலகத்துக்கே எழுதியிருக்கேன்.”

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் முத்திரைப் பிரிவில் அக்கா மட்டும் இருந்தார். கிடங்கிலிருந்து எடுத்து வந்த முதல் மாதிரி மேஜைமேல் இருந்தது. ‘நிராகரிக்கப்பட்டது. காரணம்: ஒலி’ என்று அதில் சீட்டுத் தொங்கியது. நோஞ்சான்தான். ஆனாலும் பெருவிரல்வரை வரும்.

கம்பி வெட்டும் குறட்டை எடுத்தார். கீழே வைத்தார். கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பியை அறுத்தார். பதினோரு கடைக்காரர்களும் ஒருமிக்க நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் அழுதது இப்போதுதான் முகத்தோடு தெரிந்தது. மூன்றாவது பிக்கப்பைக் கழற்றி, முதலாவதைப் பொருத்தி, சால்டர் வைத்தார். மூன்றாவதன் துருப்பிடித்த மூடி முதலாவதற்கும் கச்சிதமாகப் பொருந்தியது. எல்லாவற்றிலும் பெரிய தப்பைக் கடைசியாகச் செய்தார்: புதிய ஈயக் குண்டில் பழைய எண்ணையே அடித்தார். 20816.

புகை அடங்குமுன் வாசலில் மில்லிகிராம் நின்றார்.

“என்னம்மா வாசனை?”

“ஈயம் சார்.”

“முத்திரை வேலையா?”

“ஆமா சார். முத்திரை வேலைதான்.”

“மேடை ஏறறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாத்துடலாம்னு வந்தேன்.” அவர் பூதக்கண்ணாடியோடு கிட்டார்மேல் குனிந்தார். சின்னத்தைப் பார்த்தார். எண்ணைச் சான்றிதழோடு இலக்கம் இலக்கமாக ஒத்துப்பார்த்தார். கம்பியை நகத்தால் இழுத்துப் பார்த்தார். முத்திரைக்குக் கீழே இருந்ததை அவர் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத் தேவையில்லாமல் செய்வதற்காகத்தானே முத்திரை.

“இவ்வளவு சுத்தமான முத்திரையை நான் கண்டதில்ல. நேத்து வெச்ச மாதிரி இருக்கு,” என்றார்.

“பாத்துக்கிட்டேன் சார்,” என்றார் அக்கா. கழற்றிய பிக்கப், மூடியில்லாமல், அவர் மடியில் கைக்குட்டைக்குள் இருந்தது.

நான்கு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அண்ணி, இரண்டு மகள்கள், பேரன். அடுத்த வரிசையில் ஒப்பீட்டுக் குழு. மேடையில் அண்ணன் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து, இடது ஷூவைக் கழற்றி ஓரமாக விட்டார். காலை ஸ்பீக்கர்மேல் வைத்தார். அக்காவைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் போல.

அக்கா தொடங்கினார்.

முதல் சுற்றில் அண்ணனின் முகம் அப்படியே இருந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் ஸ்பீக்கர்மேல் இருந்த கால்விரல்கள் மெல்ல மடங்கி விரிந்தன. மூன்றாவதில் தோள் இறங்கியது. ஐந்தாவது சுற்றின் முதல் அடியில், ஒரு மயிரிழை முன்னுமில்லை பின்னுமில்லை, டிரம் வந்து சேர்ந்தது. பேரன் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டான்.

“கேக்குதா சார்?” என்று மச்சினன் உதவிக் கட்டுப்பாட்டாளரின் காதில் சொன்னார். “கீழ்ச் சுரத்துல அந்தத் துரு உரசுது பாருங்க. அறுபது வருஷம் அப்படியே வருது.”

“ஆமாங்க. இன்னிக்குத்தான் பாஸ் எனக்குத் தனியா கேக்குது.”

மில்லிகிராம் சான்றிதழின் நகலை மடியில் வைத்து, பூஜ்யத்தின்மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் இருந்தபடியே அக்காவுக்கு அவர்களின் வாயசைவு தெரிந்தது. ஆறு வருஷம் அண்ணனோடு இப்படிப் பேசிப் பழகியதில் அவருக்கும் வாய் படிக்க வந்திருந்தது. துரு, உரசுது. அபத்தம் என்று நினைத்துக்கொண்டே தடித்த கம்பியை மீட்டினார். மீட்டியபோது, ஒரே ஒரு கணம், கீழ்ச் சுரத்தில் ஏதோ உரசுவது அவருக்கும் கேட்டது.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் உதவிக் கட்டுப்பாட்டாளர் மேடையேறினார். இன்று நாம் கேட்ட ஒலி ஒரு முறையான ஒப்பீட்டின் வெற்றி என்றார். துறை வரலாற்றில் முதல் பூஜ்ய விலகல் என்றார். மற்ற பதினான்கு கிளை அலுவலகங்களின் இசைக்குழுக்களுக்கும் மூன்றாவது மாதிரியையே பொருத்தி முத்திரையிடத் தலைமை அலுவலகம் இன்று காலை உத்தரவிட்டிருப்பதைப் பலத்த கைதட்டலுக்கிடையே அறிவித்தார்.

அந்த உத்தரவு நாற்பது நாளில் நிறைவேறியது. பதினான்கு அலுவலகங்களிலும் பொருத்தப்பட்டு, முத்திரையிடப்பட்டு, விழாக்களில் வாசிக்கப்பட்டுவருகிறது. இன்றுவரை எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. மூன்று அலுவலகங்கள் இதம் கூடியிருப்பதாக எழுதியிருக்கின்றன.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று கைதட்டலின் நடுவே அண்ணன் டிரம்முக்கு மேலாக அக்காவின் பக்கம் சாய்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

“ரெண்டாவதுதான்னு அப்பவே சொன்னேன்ல?” காது கேட்காதவரின் குரலில் அது கொஞ்சம் பலமாகவே வந்தது, கைதட்டல் அதை மூடிவிட்டது. “மொத அடியிலயே தெரிஞ்சிடுச்சு தங்கச்சி. குதிகால் வரைக்கும் வந்துச்சு. இந்தக் காலை ஏமாத்த முடியுமா?”

அக்கா அவருக்கு நேராக முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி சொன்னார்.

“ஆமாண்ணே. ரெண்டாவதேதான்.”

மைக்கில் அண்ணனைப் பேச அழைத்தார்கள். இன்னொரு முறை அழைத்தார்கள். அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கிட்டாரைத் தோளிலிருந்து இறக்காமலே, ஸ்பீக்கர் ஓரத்தில் கிடந்த இடது ஷூவைக் காலால் நகர்த்தி, அவர் பாதத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்.